லித்தியமா, வால்ப்ரோயேட்டா, லாமோட்ரிஜினா? பைபோலார் மாத்திரைகள்: ஓர் ஒப்பீடு

என் தம்பிக்குப் பைபோலார் என்று தெரிந்து 14 வருஷம் ஆகிறது. அவனோடு துணைக்குப் போய் மனநல ஓ.பி.யில் உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே பக்கத்து நாற்காலிக்காரர்களோடு பேச்சுக் கொடுத்தால் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். "டாக்டர் ரெண்டு மாத்திரை பேரைச் சொல்லி, வீட்டுல பேசிட்டு வாங்கன்னுட்டார். நமக்கு என்னங்க தெரியும்?" போன மாதம் மட்டும் இப்படி இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் தாம்பரத்திலிருந்து வந்த ஒரு அம்மா. மகளுக்குத் தை மாதம் கல்யாணம், அவள் மூன்று வருஷமாக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். இன்னொருவர் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். லித்தியம் ஆரம்பிக்கலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், அவனோ நாள் முழுக்க வெயிலில் வண்டியில் இருக்கிறான்.

அவர்களுக்குச் சொன்னதையும், டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நோயாளியின் அக்கா. இதைப் படித்துவிட்டு யாரும் ஒரு மாத்திரையைக்கூடத் தானாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த முறை உள்ளே போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

"எது பவர்ஃபுல் மாத்திரை?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். இப்போது எனக்கு முதல் கேள்வி வேறு. மூன்று வருஷம் கழித்தும் இவர் இதை விழுங்கிக்கொண்டிருப்பாரா? எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், எட்டாவது மாதம் யாருக்கும் தெரியாமல் அதைப் பூந்தொட்டியில் போட ஆரம்பித்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. பக்கவிளைவுகளைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுவது அதனால்தான்.

அடுத்தது, நோயின் எந்த முனை இவரை அதிகம் படுத்துகிறது என்பது. பைபோலாரில் இரண்டு முனை உண்டு. மேனியா என்ற எழுச்சி நிலையில் தூக்கமே தேவைப்படாது, பேச்சு ஓயாது, கையில் இல்லாத பணத்தைச் செலவு செய்யச் சொல்லும். டிப்ரஷன் என்ற சோர்வு நிலையில் பாயை விட்டு எழுந்திருக்கவே முடியாது. சிலருக்கு மேனியாதான் குடும்பத்தைப் புரட்டிப் போடும். சிலருக்கு மேனியா லேசாக வந்து போய்விடும், சோர்வு மட்டும் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே மாத்திரை இரண்டு முனைக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

அப்புறம் வேகம். இன்று இரவே தூங்க வைக்க வேண்டிய நிலையா, அல்லது அடுத்த தடவை வராமல் தடுக்க வேண்டிய நிலையா? அப்புறம் உடம்பு. பெண்ணா, இனிமேல் குழந்தை பெறும் வயதா, சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன, வீட்டில் சர்க்கரை நோய் உண்டா? கடைசியாக, கடையில் கட்டும் பில்லில் தெரியாத செலவு: ரத்தப் பரிசோதனை, லீவு, பேருந்து, கூடவே சேரும் வேறு மாத்திரைகள். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## லித்தியம்

அட்டையில் லித்தோசன், லைகேப் போன்ற பெயர்களில் வருவது. 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் மேனியா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், அடுத்த தடவை வராமல் தடுப்பதில் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் இதுதான் அளவுகோல். 2010இல் வெளிவந்த பேலன்ஸ் ஆய்வில் 330 பேரை வைத்துப் பார்த்தார்கள். வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிட்டவர்களைவிட, லித்தியம் மட்டுமோ இரண்டும் சேர்த்தோ சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதற்கு இருக்கும் அளவுக்கு நீண்ட காலச் சான்று வேறு மூடு ஸ்டெபிலைசர் (மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து) எதற்கும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, கேட்பவர்களிடம் லித்தியத்தைப் பற்றி ஒரு தடவையாவது டாக்டரிடம் பேசுங்கள் என்று சொல்கிறேன்.

மாத்திரை விலை குறைவு. செலவும் கவனமும் வேறு இடத்தில் இருக்கின்றன. லித்தியத்தில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகல். தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் லித்தியம் லெவலை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 0.6 முதல் 0.8 வரை வைத்துக்கொள்வது வழக்கம், மேனியா உச்சத்தில் இருக்கும்போது 1.0 வரை போவார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால் ஆரம்பத்திலும், டோஸ் மாற்றிய ஒரு வாரத்திலும், பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும் லெவல் பார்க்க வேண்டும். கூடவே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் டெஸ்ட்), தைராய்டு, கால்சியம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் லெவல் பொய்யாக ஏறித் தெரியும். முதல் வருஷம் இரண்டு முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம், டோஸைத் தேவையில்லாமல் குறைக்கும்படி ஆனது.

பக்கவிளைவுகளில் தினமும் தெரிவது தாகம், அடிக்கடி சிறுநீர், கை நடுக்கம். தாகத்துக்குள்ளேயே ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. தண்ணீருக்குப் பதில் ரோஸ்மில்க்கும் குளிர்பானமுமாகக் குடித்தால் எடை ஏறும், பழி லித்தியத்தின் மேல் விழும். லித்தியமும் கொஞ்சம் எடை கூட்டும்தான். ஆனால் தம்பி ஏற்றிய கிலோக்களில் பாதி கரும்புச்சாறுக் கடைக்குச் சொந்தம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கை நடுக்கம் அவனுக்குப் பெரிய விஷயம். அவன் ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ் செய்கிறான். எள்ளு மாதிரி இருக்கும் ஸ்க்ரூவைப் பிடித்து மாட்ட வேண்டிய கை. "இந்தக் கையோட நான் என்ன வேலை பார்க்கறது அக்கா" என்று ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதுவரை டாக்டரிடம் அவன் என்ன வேலை செய்கிறான் என்றே நாங்கள் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் 0.9இல் இருந்த லெவலை 0.65க்கு இறக்கினார், நடுக்கத்துக்கு ப்ரோப்ரனோலால் என்ற மாத்திரை சின்ன டோஸ் சேர்த்தார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஸ்க்ரூ மாட்ட முடிகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனோலால் ஆகாது, அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காப்பி குறைத்தால் நடுக்கம் குறையும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காப்பி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் லித்தியம் லெவல் ஏறும், ஏனென்றால் காப்பி லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். மெதுவாகக் குறைக்க வேண்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் லித்தியத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உப்பும் தண்ணீரும். சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஒன்று போலத்தான். வேர்த்துக் கொட்டியோ, வாந்தி பேதியிலோ உடம்பு உப்பையும் நீரையும் இழந்தால், சிறுநீரகம் சோடியத்தை விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதோடு லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். போட்ட டோஸ் அதேதான், ரத்தத்தில் மட்டும் ஏறிவிடும். கத்திரி வெயில், டெங்கு காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்காத ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு எல்லாமே டாக்டரிடம் முன்கூட்டிப் பேச வேண்டியவை. அப்பாவுக்கு பி.பி. என்று வீட்டில் எல்லார் சாப்பாட்டிலும் உப்பைத் திடீரென்று குறைப்பதும் இதில் சேரும்.

இதைவிட மோசமானது வலி மாத்திரை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் லித்தியம் லெவலை ஏற்றும். பி.பி.க்குக் கொடுக்கும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், தையசைடு வகை நீர் மாத்திரைகளும் அப்படித்தான். தம்பி லித்தியம் தொடங்கி இரண்டாவது வருஷம், மே மாதத்தில் வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கியது. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டதும் வலிக்கு அட்டையிலிருந்து ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. குடித்திருக்கிறான் என்று வீட்டிலேயே ஒருவர் திட்டினார். லெவல் 1.9. இரண்டு நாள் டிரிப்ஸில் படுத்திருந்தான். இப்போது அவன் பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: "நான் லித்தியம் சாப்பிடுகிறேன். வலிக்கு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும்." கை உதறல் பெரிதானால், வாந்தி பேதியோடு தள்ளாட்டமோ குழறலோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

நீண்ட நாளில் தைராய்டு மந்தமாவது சாதாரணமாக நடக்கும், பெண்களுக்குக் கூடுதலாக. தம்பிக்கு ஐந்தாவது வருஷம் வந்தது. காலையில் ஒரு தைராய்டு மாத்திரை சேர்ந்தது, அவ்வளவுதான். சிறுநீரகம் சிலருக்குப் பல வருஷங்களில் மெதுவாகக் குறையலாம். ஒழுங்காக டெஸ்ட் எடுத்தால் முன்னாலேயே தெரிந்துவிடும். "லித்தியம் கிட்னியைத் தின்னுடும்" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள். கிட்னி முழுதாகச் செயலிழப்பது அரிது.

அந்த டெலிவரி பையனுக்கு என் பதில்: வெயில் வேலை என்பதால் மட்டும் லித்தியத்தை ஒதுக்காதே. டாக்டரிடம் உன் வேலையைச் சொல். வண்டியில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வேண்டும், வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர் வேண்டும், ஏப்ரல் கடைசியில் ஒரு கூடுதல் லெவல் டெஸ்ட் கேள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறைகூட லேபுக்குப் போக முடியாது என்று உனக்கே தெரிந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. டெஸ்ட் இல்லாமல் லித்தியம் சாப்பிடக் கூடாது.

## வால்ப்ரோயேட்

என்கோரேட், டைவல்ப்ரோயக்ஸ் என்று சீட்டில் எழுதியிருக்கும். வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. மேனியாவுக்கு அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது. இதன் பலம் வேகம். டோஸைச் சட்டென்று ஏற்றலாம், சில நாட்களில் மேனியா அடங்க ஆரம்பிக்கும். லித்தியம் அளவுக்கு லெவல் பயம் இல்லை. வெயிலில் தண்ணீர் குறைந்தது என்பதற்காக விஷமாகாது. மேனியாவும் சோர்வும் கலந்து வரும் நிலையிலும், வருஷத்துக்கு நாலைந்து முறை நோய் திரும்புபவர்களுக்கும் டாக்டர்கள் இதை நினைப்பதுண்டு.

தம்பிக்கு முதன்முதலில் கொடுத்தது இதுதான், ஒலன்சபினோடு சேர்த்து. நாலு ராத்திரி தூங்காமல், கடன் வாங்கி நாற்பது பழைய போன் வாங்கிக் குவித்திருந்தவன் பத்து நாளில் ஆள் அடையாளம் தெரிகிற மாதிரி பேசினான். அந்தப் பத்து நாளுக்கு நான் இன்றும் அந்த மருந்துக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் எட்டு மாதத்தில் 14 கிலோ ஏறினான், முடி கொத்தாகக் கொட்டியது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயது. பூந்தொட்டிக்கு மாத்திரை போக ஆரம்பித்தது அப்போதுதான், அடுத்த மேனியா அதிலிருந்து ஆறு வாரத்தில் வந்தது.

எடை, முடி, கை நடுக்கம் தவிர, ஈரல் பாதிப்பும் ரத்தத் தட்டுகள் குறைவதும் சிலருக்கு வரும். அரிதாகக் கணையம் வீங்கும். எல்.எஃப்.டி. என்ற ஈரல் டெஸ்ட், ரத்த அணுக்கள் டெஸ்ட் ஆரம்பத்திலும் இடையிடையேயும் தேவை. மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி, கடும் வயிற்று வலி வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

இனி தாம்பரத்து அம்மாவின் கேள்வி. கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது உட்பட. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் பின்தங்கல் வருகிறது. ஃபோலிக் ஆசிட் போட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. கர்ப்பம் என்று தெரிய வரும் ஐந்தாறு வாரத்துக்குள்ளேயே முதுகுத்தண்டு மூட வேண்டிய காலம் கடந்திருக்கும், அதனால் "தெரிஞ்சதும் நிறுத்திக்கலாம்" என்பது தாமதம். இளம் பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாவதும் சினைப்பை நீர்க்கட்டிகளும் இதோடு வரலாம். 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனில், இரண்டு சிறப்பு மருத்துவர்கள் தனித்தனியாக ஒப்புக்கொண்டால் தவிர 55 வயதுக்குட்பட்ட யாருக்கும், ஆணோ பெண்ணோ, இதைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

ஆகவே அந்தப் பெண் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே டாக்டரிடம் போய் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும், அதுவரை மாத்திரையைத் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் கல்யாண வாரத்தில் மேனியா வரும் வாய்ப்பே அதிகம், கூடவே தூக்கமில்லாத இரவுகளும் சேரும். நம் வீடுகளில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைப்பதற்காகவே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அப்படி நிறுத்திய இரண்டு பெண்கள் கல்யாணமாகி மாதக்கணக்கிலேயே வார்டில் சேர்ந்தார்கள்.

## லாமோட்ரிஜின்

சோர்வு முனை அதிகம் படுத்துபவர்களுக்கு இது. மேனியா இப்போது உச்சத்தில் இருக்கிறது என்றால் இது உதவாது. அடுத்த டிப்ரஷன் வராமல் தடுப்பதில்தான் இதன் பலம். எடை ஏறாது, தூக்கம் அமுக்காது, மூளை மந்தமான மாதிரி இருக்காது. கல்லூரிப் பிள்ளைகளும் கணக்கு வழக்கு வேலை செய்பவர்களும் இதைச் சாப்பிடும்போது தான் தானாகவே இருப்பதாகச் சொல்வார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

இதற்கு விலை பொறுமை. 25 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரம், 50இல் இரண்டு வாரம் என்று படிப்படியாக ஏற்றி 200ஐத் தொட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். வால்ப்ரோயேட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அதிலும் பாதி வேகம்தான். அவசரப்பட்டால் தோல் முழுக்க உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற ஒவ்வாமை வரலாம். மெதுவாக ஏற்றினால் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அந்த மாதிரி கடுமையாக வருகிறது, பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள். சென்னையில் ஒரு சங்கடம், வேர்க்குருவுக்கும் இந்தத் தடிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது. அதனால் முடிந்தால் மழை, பனிக் காலத்தில் தொடங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மாதமும் புது சோப்பு, புது க்ரீம் எதையும் முயற்சிக்க வேண்டாம். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி.

ஐந்து நாள் தொடர்ந்து விட்டுப் போனால் பழைய டோஸிலேயே தொடங்கக் கூடாது, மறுபடி 25இலிருந்து ஏற வேண்டியிருக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பல நாள் தண்ணீர் வடியாத தெருக்களை நாம் பார்த்தோம். இதைச் சாப்பிடுபவர்கள் அக்டோபரிலேயே இரண்டு வாரக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது, நனையாத டப்பாவில். இன்னொன்று: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். பெண்கள் மனநல டாக்டரிடம் மகப்பேறு டாக்டர் சீட்டையும் காட்ட வேண்டும்.

## க்வெடியபின், ஒலன்சபின் வகையறா

இவற்றைச் சைகோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று தெரியாமல் போகும் நிலை) மருந்து என்று அட்டையிலோ இணையத்திலோ பார்த்துவிட்டு "எனக்கு அந்த வியாதி இல்லையே" என்று பயப்படுவார்கள். பைபோலாருக்கும் இவை முறையான மருந்துகள்தான். மேனியாவை அடக்குவதில் வேகமானவை இவைதான். க்வெடியபின் சோர்வு முனைக்கும் நன்றாக வேலை செய்யும், 300 மில்லிகிராம் அளவில். இரண்டு முனைக்கும் ஒரே மாத்திரை வேண்டுமென்றால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று.

சென்னையில் யார் வீட்டில் சர்க்கரை இல்லை? அதனால்தான் இந்த வகையில் நான் தயங்குகிறேன். ஒலன்சபினும் க்வெடியபினும் பசியைக் கிளப்பும், எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஏற்றும். ஒலன்சபின் இதில் மோசம். தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்துவிட்டு மூன்றாம் மாதம் திரும்பப் பார்க்க வேண்டும். எடை ஏற ஆரம்பித்ததும் சொன்னால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சேர்ப்பதோ மருந்து மாற்றுவதோ செய்வார்கள். 14 கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். க்வெடியபினில் காலை மயக்கம் உண்டு, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விடியற்காலை ஷிப்டுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இரவில் பாத்ரூம் போகும்போது விழும் ஆபத்து.

எடை ஏறக் கூடாது என்றால் அரிபிப்ரசோல் இருக்கிறது. ஆனால் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு வந்து உட்காரவே முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார்கள். மேனியா திரும்பிவிட்டது என்று குடும்பம் தப்பாக எண்ணிவிடும். ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் நின்றுபோவதும் பால் சுரப்பதும் நடக்கலாம். லுராசிடோன் சோர்வு முனைக்கு நல்லது, எடையும் அதிகம் ஏற்றாது. ஆனால் நிறைந்த சாப்பாட்டோடு போட வேண்டும், 350 கலோரியாவது இருக்க வேண்டும். சாம்பார் சட்னியோடு நாலு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் உடம்பில் ஏறும். இந்த வகை எல்லாவற்றிலும் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வாய், நாக்கு தானாக அசையும் கோளாறு வரலாம், லேசாக ஆரம்பிக்கும்போதே காட்ட வேண்டும்.

## கார்பமசெபின், தனியாகக் கொடுக்கும் டிப்ரஷன் மாத்திரை

கார்பமசெபின் இப்போது இரண்டாம் வரிசை. மற்ற மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும், வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கும். ஆசியர்களில் எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரியும் ஒவ்வாமை ஆபத்து கூடுதல். மற்றவை ஒத்துவராதபோது யோசிக்கலாம்.

டிப்ரஷன் மாத்திரை விஷயம் வேறு. "ரொம்ப டல்லா இருக்கான்" என்று பொது மருத்துவரிடம் காட்டி, எஸ்சிடலோப்ராம் போன்ற ஒன்று தனியாகத் தொடங்கப்பட்டு, மேனியாவில் முடிந்த கதைகளை ஓ.பி. பெஞ்சில் நிறையக் கேட்டிருக்கிறேன். பைபோலார் உள்ளவருக்கு மூடு ஸ்டெபிலைசர் இல்லாமல் இதைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து. முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| மருந்து | எதில் பலம் | வேகம் | தினமும் உறுத்துவது | கட்டாய டெஸ்ட் | யாருக்கு யோசிக்க வேண்டும் |
|---|---|---|---|---|---|
| லித்தியம் | இரண்டு முனையையும் தடுப்பது, தற்கொலை ஆபத்தைக் குறைப்பது | ஒன்று முதல் மூன்று வாரம் | தாகம், நடுக்கம் | லெவல், கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் | சிறுநீரகக் கோளாறு, டெஸ்டுக்குப் போக முடியாதவர் |
| வால்ப்ரோயேட் | மேனியா | சில நாள் | எடை, முடி கொட்டுதல் | ஈரல், ரத்த அணுக்கள் | குழந்தை பெறும் வயதுப் பெண்கள், ஈரல் நோய் |
| லாமோட்ரிஜின் | டிப்ரஷனைத் தடுப்பது | ஆறு வாரத்துக்கு மேல் | பெரிதாக இல்லை. தடிப்பில் கவனம் | வழக்கமாக இல்லை | மாத்திரை அடிக்கடி மறப்பவர் |
| க்வெடியபின் | இரண்டு முனையும் | சில நாள் | மயக்கம், எடை | சர்க்கரை, கொழுப்பு, எடை | சர்க்கரை உள்ளவர், விழும் ஆபத்துள்ள முதியவர் |
| ஒலன்சபின் | மேனியா | சில நாள் | பசி, எடை | சர்க்கரை, கொழுப்பு, எடை | சர்க்கரை உள்ளவர் |

நடைமுறையில் பலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்துதான் போகும். முதலில் ஒலன்சபினோ க்வெடியபினோ கொண்டு அணைத்துவிட்டு, லித்தியத்தை நிலைநிறுத்தி, பிறகு முதலாவதை மெதுவாக எடுப்பது ஒரு வழக்கமான வழி. "முதலில் கொடுத்த அந்த மாத்திரை எவ்வளவு நாளுக்கு?" என்று தொடங்கும் நாளிலேயே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் சில வீடுகளில் அது வருஷக்கணக்கில் அப்படியே ஓடும்.

## பணம், இடம், வரிசை

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. இன்றும் தொடர் சிகிச்சை மாத்திரையைக் காசில்லாமல் வாங்கிப் போகிறவர்கள் அங்கே ஏராளம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அவற்றின் லேபில் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். அங்கே நாம் கொடுக்கும் விலை நேரம், அரை நாள் லீவு. அண்ணா நகரில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற தொண்டு நிறுவனங்களும் உண்டு. தனியாரிடம் போனால், லித்தியம் மாத்திரைச் செலவைவிட லெவல், தைராய்டு, கிரியேட்டினின் சேர்ந்த டெஸ்ட் செலவு பெரிது. மக்கள் மருந்தகங்களில் பொதுப்பெயர் மருந்து மலிவு. ஆனால் லித்தியத்திலும் வால்ப்ரோயேட்டிலும் சாதாரண மாத்திரையும் எஸ்.ஆர். என்ற மெதுவாகக் கரையும் மாத்திரையும் தனித்தனி. கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் லெவல் மாறும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது, பாலிசி எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இரவில் மனசு தாங்காமல் போனால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104உம் இருக்கிறது.

தம்பிக்கு இது பன்னிரண்டாவது லித்தியம் வருஷம். இந்த மாத டெஸ்ட் நாளைக்கு. இன்றிரவு 9 மணிக்கு அவன் மாத்திரை போட வேண்டும், காலை 9 மணிக்கு மாத்திரை போடாமல் லேபில் உட்கார வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகுதான் அடுத்த மாத்திரை, அதற்குப் பிறகு காப்பி. அவன் போனிலும் என் போனிலும் அலாரம் வைத்தாகிவிட்டது.